தழைக்கல் ஏற்றத்து மரக்கன்றுகள்

அனுப்புநர்:
பெ. கோட்டைச்சாமி, விவசாயி,
கரட்டுக்களம், முந்தல் சாலை,
போடிநாயக்கனூர் வழி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட இளைஞர் நல அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: இளைஞர் மன்றச் செயல்திட்டப் போட்டி, 1983 – கரட்டுக்களம் மலையடிவார இளைஞர் மன்றம் – மரக்கன்றுகளைத் தாங்களே ஒடித்ததாக மன்றச் செயலாளர் அளித்த ஒப்புதல் உண்மையன்று எனத் தெரிவித்தல் – பதிவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் மன்றத்திற்கு அனுப்பிய 10-10-1983 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கும் சிறு விவசாயி. மன்றத்தில் நான் உறுப்பினன் அல்லன். மன்றச் செயலாளர் பொன்னுமணி என் மகள். உறுப்பினர் பெத்துராஜ் என் மகன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இம்மனுவை நானே எழுதி, எங்கள் ஊர் வாசகசாலைப் பொறுப்பாளரிடம் திருத்தக் கொடுத்தேன். மனுவுக்குத் தேவையில்லாதது என்று அவர் அடித்த இடங்களில் சிலவற்றை நான் மீண்டும் எழுதியிருக்கிறேன். தேவை உண்டா இல்லையா என்பதைத் தாங்கள் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டுகிறேன்.

2. எங்கள் ஊருக்கு மேற்கே மலைக்குப் போகும் பழைய கழுதைப்பாதை ஒன்று உண்டு. ஜீப்பு ரோடு வந்த பிறகும், கீழ்ச்சரிவிலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காயெடுக்கவும் போகிற எங்கள் ஊரார் இந்தப் பாதையில்தான் ஏறி இறங்குகிறார்கள். ஏற்றம் தொடங்கும் வளைவில் தழைக்கல் என்று ஒரு கல் இருக்கிறது. அதற்கு உருவம் இல்லை, கூரை இல்லை, பூசாரி இல்லை. மலை ஏறுகிறவர் ஒவ்வொருவரும் கைக்கெட்டிய இடத்தில் ஒரு கொத்துப் பச்சைத் தழையை ஒடித்து அந்தக் கல்லின் மேல் போட்டுவிட்டு ஏறுவார்கள். தழை போட்டு ஏறியவர் நல்லபடியாக இறங்கி வருவார் என்பது எங்கள் நம்பிக்கை. ஏதாவது ஒரு நல்ல காரியம் கைகூட வேண்டுமென்றாலும் அங்கே போய் ஒரு கொத்துப் போடுவது உண்டு. தேங்காய் வாங்கக் காசில்லாதவனும் செய்யக்கூடிய வழிபாடு அது ஒன்றுதான். என்ன செடி, யார் வைத்த செடி என்று யாரும் பார்ப்பதில்லை. பச்சையாக இருந்தால் போதும். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

3. அந்தக் கல்லிலிருந்து மேலே ஒரு பர்லாங்கு தூரம் வெறும் பாறைச்சரிவு. நிழல் என்பதே கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், தோட்டத்து வேலை முடிந்து இறங்கி வந்த என் மனைவி ஆயம்மாள் அந்த வெயிலில் மயங்கி விழுந்தாள். கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தோம். உயிர் தப்பியது. இடது கை விளங்காமல் போய்விட்டது. அதன் பிறகு அவள் மலை ஏறவில்லை. இதை இரக்கம் தேடி எழுதவில்லை. பிள்ளைகள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்வையில் கண்ட கடிதத்தில் கேட்கப்பட்டிருப்பதால் எழுதுகிறேன்.

4. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகம் செயல்திட்டப் போட்டியை அறிவித்தபோது, எங்கள் பிள்ளைகள் அந்த ஏற்றத்தில் நிழல் மரம் வளர்ப்பது என்று திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளையைச் செயலாளராக வைத்ததற்கு என் பங்காளிகள் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மன்றம் கூட இடம் இல்லாததால் என் களத்துக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தேன். மாடு இரண்டும் அந்த மழைக்காலம் முழுவதும் வேப்ப மரத்தடியில் நின்றன.

5. போட்டி விதிகளில் ஐந்தாவது, வேலை முழுவதையும் மன்றத்தின் பிள்ளைகளே செய்ய வேண்டும், பெரியவர்கள் கை வைக்கக்கூடாது என்பது. என் மகள் அந்த விதியை எங்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நாங்கள் அதை மீறவில்லை. புங்கன் விதைகளைச் சிரட்டையில் முளைக்கப் போட்டு, ஐப்பசி மழைக்குக் குழி தோண்டி வைத்து, ஆடும் கழுதையும் கடிக்காமல் முள் வெட்டி வேலி கட்டியது எல்லாம் பிள்ளைகள். கோடையில் அடிவாரத்து ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். என் மகன் தோளில் காய்ப்புக் காய்த்தது. ஒரு நாள் அவன் பாறையில் சறுக்கி விழுந்து குடம் உடைந்து நெற்றியில் ரத்தத்தோடு வந்தான். நான் அன்றைக்கு மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிடலாம் என்று கிளம்பினேன். என் மகள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். வண்டியை அவிழ்த்துவிட்டேன். பெற்ற பிள்ளை கஷ்டப்படுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான் அந்த ஒரு வருடத்தில் நான் அவர்களுக்குச் செய்த உதவி. அது சுலபமான உதவி அல்ல என்பதைப் பிள்ளை பெற்றவர் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

6. கன்றுகள் பிழைத்தன. ஆடி மாதத்தில் பல கன்றுகள் என் மகனின் நெஞ்சு உயரத்துக்கு வந்து, இலை பளபளவென்று நின்றன. ஆய்வுக் குழு ஆகஸ்ட் 28 ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கடிதம் வந்ததும் ஊரே அந்தப் பேச்சாக இருந்தது. முதல் நாள் பிள்ளைகள் பாதையைச் சுத்தம் செய்தார்கள். குழுவினர் கன்றுகளை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முள் வேலியைப் பிரித்து எடுத்தார்கள். கல்லைச் சுற்றிலும் பாதையின் இரு பக்கமும் புதராக மண்டியிருந்த உன்னிச்செடிகளை வெட்டிக் கூட்டித் தள்ளினார்கள். வழக்கமாக நாங்கள் தழை ஒடிப்பது அந்த உன்னிச்செடிகளில்தான்.

7. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவினரை எதிர்கொண்டு அழைத்து வரப் பிள்ளைகள் அனைவரும் முந்தல் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் நாங்கள் குளித்து, நல்ல துணி உடுத்தி, ஏற்றத்துக்குப் போனோம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல. என்றைக்கும் மலை ஏறாத கடைக்காரர் ராமர் வந்தார். என்னோடு பேசாத பங்காளிகள் வந்தார்கள். ஆயம்மாள் மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்தக் கல் வரை நடந்து வந்தாள். பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்று தழை போட வேண்டும். சுற்றிலும் பார்த்தால் பச்சை என்று இருந்தது அந்தக் கன்றுகள் மட்டும்தான். ஆயம்மாள், பிள்ளைகளுக்காக வேண்டுகிற தழை பிள்ளைகள் வளர்த்த மரத்துத் தழையாக இருந்தால் இன்னும் விசேஷம் என்று சொன்னாள். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. அவள் முதல் கொத்தை ஒடித்துக் கல்லின் மேல் வைத்துக் கும்பிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கொத்து ஒடித்தோம். தன் பிள்ளைக்கு ஒன்று, அண்ணன் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு மூன்று ஒடித்தவர்களும் உண்டு. நானும் ஒடித்தேன். ஒரு கொத்துதானே, தளிர்த்துவிடும் என்று நினைத்தேன். ஊரில் ஒவ்வொருவரும் அதையே நினைத்தோம்.

8. ஐயா, ஒரு வருடம் முழுவதும் அந்தக் கன்றுகளில் நாங்கள் கை வைக்கவில்லை. கை வைத்தது அந்த ஒரு நாள்தான்.

9. அதிகாரிகளை நெருக்கிக்கொண்டு நிற்பது மரியாதையாக இராது என்று எங்கள் ஊர் நாட்டாண்மை வீரையா எங்கள் எல்லோரையும் வளைவுக்குக் கீழே இறங்கி நிற்கச் சொல்லிவிட்டார். அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியும், பேச்சுக் கேட்காது. பிள்ளைகள் குழுவினரோடு எங்களைக் கடந்து மேலே ஏறிப் போனார்கள். வளைவு திரும்பியதும் முன்னால் நடந்த என் மகள் நின்றுவிட்டாள். குழுத் தலைவர் கன்றுகளையும், கல்லின் மேல் குவிந்து கிடந்த தழைகளையும் பார்த்து ஏதோ கேட்டார். என் மகள் திரும்பி, கீழே நின்ற எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு அவரிடம் ஏதோ சொன்னாள். மற்றப் பிள்ளைகள் தலை குனிந்து நின்றார்கள். அது அதிகாரிகளிடம் காட்டும் அடக்கம் என்று நாங்கள் நினைத்துப் பெருமைப்பட்டோம். குழுவினர் கீழே வந்தபோது இளநீர் வெட்டிக் கொடுத்தோம். ஜீப்புக்கு மாலை போட்டோம். அந்த மாலையை அவர்கள் எந்த மனநிலையில் வாங்கிக்கொண்டார்கள் என்பதை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

10. பார்வையில் கண்ட கடிதம் அக்டோபரில் வந்தது. வாசகசாலையில் வைத்துப் படித்தோம். "மன்றத்தினர் வெறும் குச்சிகளை ஊன்றி மரக்கன்றுகள் எனக் காட்ட முற்பட்டுள்ளனர். பார்வைக்குப் பசுமையாக இருக்கும்பொருட்டுத் தழைகளை ஒடித்து அருகில் குவித்துள்ளனர். தழைகளைத் தாங்களே ஒடித்ததாகச் செயலாளர் நேரில் ஒப்புக்கொண்டார்" என்று அதில் இருந்தது. மன்றம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டதாகவும், மன்றப் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டதாகவும், கடிதத்தின் நகல் பள்ளிக்கு அனுப்பப்பட்டதாகவும் இருந்தது. என் மகள் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட வேண்டும். அதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும். தலைமையாசிரியர் நல்லவர்தான். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி எழுதிக் கொடுப்பது என்று அவர் என்னைக் கேட்டார்.

11. வீட்டுக்கு வந்து என் மகளிடம் கேட்டேன். மறுநாள் அவள் தாய் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் சொன்னாள். வாசகசாலைப் பொறுப்பாளர் இந்த இடத்தை அடித்துவிட்டார். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "யாரு ஒடிச்சதுன்னு அந்த சார் கேட்டாருப்பா. கீழ பாத்தேன். ஆத்தா வலது கையத் தூக்கிக் கும்பிட்டுக்கிட்டு நின்னுச்சு. எங்க ஆளுகதான்னு சொன்னா அவரு கீழ வந்து எல்லாரையும் கேப்பாரு. சாமிக்குப் போட்டதைத் தப்புன்னு சொல்லிருவாரு. ஆத்தாவுக்கு அது தாங்காது. அதான் நாங்கதான் ஒடிச்சோம்னு சொல்லிட்டேன்."

மற்றப் பிள்ளைகளில் ஒருவர்கூட அவளை மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடமும் சொல்லவில்லை. அத்தனை பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு ஒன்றரை மாதம் இருந்திருக்கிறார்கள். நாங்கள் அவர்களை ஜெயிக்க வைக்கப் போய் மரத்தை ஒடித்தோம். அவர்கள் எங்களைக் காப்பாற்றப் போய்த் தங்கள் பெயரை ஒடித்துக்கொண்டார்கள்.

12. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் மகள் என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் செய்யவில்லை. ஆயம்மாளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் பல நாள் போராட்டம். கடைசியில் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீரையா வீட்டுக்குப் போய், ஊரைக் கூட்டச் சொன்னாள். கூடிய ஊரில் அவள் சொன்னது இது: "ஒடிச்ச கை என்னுது. எம்பிள்ளைக கையின்னு எழுதி வச்சிருக்காக. நெசத்தை எழுதச் சொல்லுங்க. மொத ரேகை நான் வைக்கிறேன்."

13. ஆய்வுக் குழுவினர் மேல் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததையும் காதில் கேட்டதையும் எழுதினார்கள். எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்களும் கீழே நிற்காமல் மேலே போய் நின்றிருந்தால் அங்கேயே பேசித் தீர்ந்திருக்கும். மரியாதை என்று நினைத்துத் தள்ளி நின்றதால், பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டோம். அந்த வகையில் குற்றம் எங்கள் மேல்தான்.

14. கன்றுகளின் இன்றைய நிலை: ஐந்தாவது விதி இப்போது எங்களைக் கட்டாது என்பதால், ஒடித்தவர்கள் நாங்களே முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஆளுக்கு ஒரு செம்பு கொண்டு போனார்கள். என் பங்காளிகள் முள் வெட்டி வந்து வேலியைக் கட்டினார்கள். எங்களுக்குள் பேச்சு இன்னும் வரவில்லை, வேலை மட்டும் நடந்தது. ஐப்பசி மழையும் கை கொடுத்தது. சில கன்றுகள் பட்டுப்போய்விட்டன. நான் ஒடித்த கன்றும் அதில் ஒன்று. மற்றவை எல்லாம் கணுவுக்குக் கணு தளிர்த்திருக்கின்றன. வெறும் குச்சி தளிர்க்காது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தழைக்கல்லுக்குப் போகிறவர்கள் இப்போது வீட்டு வேலியிலிருந்தே ஒரு கொத்து ஒடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறார்கள்.

15. என் மகள் மட்டும் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. தளிர்த்திருக்கிறது என்று பெத்துராஜ் வந்து சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் உள்ளது அப்படியே இருக்கும் வரை அந்த மரங்கள் தனக்குச் சொந்தமில்லை என்று நினைக்கிறாள் போலும். ஒரு தகப்பனாக எனக்கு இதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

16. எங்களுக்குப் பரிசு வேண்டாம். அது வேறு மன்றத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அறிகிறேன். அவர்கள் நன்றாக இருக்கட்டும். நாங்கள் கேட்பது, மரக்கன்றுகளை ஒடித்தவர்கள் ஊர்ப் பெரியவர்களே என்றும், பிள்ளைகள் அல்லர் என்றும் தங்கள் அலுவலகப் பதிவில் எழுதி, அதன் நகலைப் பள்ளிக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்பதே. பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டுமென்றால் அதை நானே செய்கிறேன். எப்படிக் கண்டிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

17. இம்மனுவில் உள்ளதை நம்புவதற்குத் தாங்களோ தங்கள் அலுவலர் ஒருவரோ நேரில் வந்து பார்ப்பது நல்லது. அப்படி வருவதாக இருந்தால், வரும் தேதியை முன்கூட்டி எங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தால், நல்லது நடக்க வேண்டும் என்று எங்கள் ஊரார் மறுபடியும் வேண்டிக்கொள்ளப் போய்விடுவார்கள். சொல்லித் தடுக்க என்னால் ஆகாது. என்னையே தடுத்துக்கொள்வேன் என்றும் உறுதி சொல்வதற்கில்லை.

தங்கள் ஒரு வரி எழுத்துக்காக ஒரு ஊர் காத்திருக்கிறது என்பதைத் தெரிவித்து முடிக்கிறேன்.

இடம்: கரட்டுக்களம்
நாள்: 21-11-1983

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பெ. கோட்டைச்சாமி
(நடுவில் நின்ற கன்றை ஒடித்தவன்)

இணைப்பு: தழை ஒடித்தவர்களின் கையொப்பமும் ரேகையும், நான்கு தாள்கள். நாட்டாண்மை வீரையாவும் கடைக்காரர் ராமரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என்னோடு பேசாத பங்காளிகள் இருவரும் என் பெயருக்குக் கீழேயே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

குறிப்பு: முதல் தாளில் முதலாவதாக உள்ள ரேகை என் மனைவி ஆயம்மாளுடையது. அலுவலகங்களில் இடது பெருவிரல் ரேகை கேட்பது வழக்கம் என்று அறிவேன். அவளுக்கு இடது கை விளங்காது. ஆகவே வலது பெருவிரல் வைத்திருக்கிறாள். ஒடித்த கையும் அதுதான்.